மொழி ஆசிரியர் எப்படி உருவாகிறார்?

பகிர்ந்து கொள்வோம் – தொடர் பகுதி



சென்ற இதழில் கொம்யூன் நூலகத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு தாய் இந்தப் பகுதிக்குக் கடிதம் போட்டிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டபடியால் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

"என்ரை மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். டெனிசிலும் ஆங்கிலத்திலும் நல்ல கெட்டிக்காரி. ரீச்சராகத்தான் வரப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள். தகப்பன் இரண்டு கிழமையாக அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இந்தக் குளிருக்குள் வந்து பக்டரியில் முறிகிறது பிள்ளை வாத்தியாராகிறதுக்கோ என்று கேட்கிறார். இங்கே ரீச்சராக வருவதற்கு என்ன படிக்க வேணும்? அது மதிப்பான படிப்போ? எங்கட பிள்ளை டெனிஸ் பிள்ளைகளுக்கே டெனிஸ் படிப்பிக்க ஏலுமோ?"

கேள்விகள் மூன்றும் நியாயமானவை. இது ஒரு வீட்டுக் கதையும் அல்ல. எங்கள் வீடுகளில் பிள்ளை பிறந்தவுடனேயே டொக்டர், இஞ்சினியர், கணக்காளர் என்று மூன்று கதிரைகளைப் போட்டு வைத்துவிடுகிறோம். நாலாவது கதிரை ஒன்றைப் பிள்ளை கேட்டால் வீட்டில் புயல் அடிக்கிறது. நான் ஓ.எல். உடன் படிப்பை விட்டவன். ஆனாலும் படித்தவர்களிடம் கேட்கவும் வாசிக்கவும் யாரும் தடை போடவில்லை. அப்படித் தெரிந்துகொண்டவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன். தகப்பனும் வாசிப்பார் என்று நம்புகிறேன்.

இரண்டு வழிகள்

ஊரில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் படிப்பிப்பவரும் ஏ.எல். வகுப்புக்குப் படிப்பிப்பவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே ஓய்வறையில் இருந்து தேநீர் குடிப்பார்கள். இங்கே அப்படி இல்லை. போல்க்கஸ்கோல என்ற பொதுப் பள்ளிக்கூடம் பூச்சிய வகுப்பில் தொடங்கி ஒன்பதாம் வகுப்போடு முடிகிறது. அதற்குப் பிறகு கிம்னாசியம் வேறு கட்டிடம், வேறு ஆசிரியர்கள். இரண்டு இடத்துக்கும் ஆசிரியர்கள் வேறு வேறு வழியாகத்தான் வருகிறார்கள்.

முதலாவது வழி போல்க்கஸ்கோல ஆசிரியருக்கானது. இது 4 வருடப் படிப்பு. படிப்பிக்கும் இடங்கள் புறொபெசன்ஸ் ஹொய்ஸ்கோல எனப்படும் தொழில்சார் உயர்கல்லூரிகள். நாடு முழுவதும் இப்படியான 6 நிறுவனங்கள் ஆசிரியர் பயிற்சி கொடுக்கின்றன: கொப்பன்கேகன் புறொபெசன்ஸ் ஹொய்ஸ்கோல, சேலண்டில் அப்சலோன், பியூன் பக்கம் யூ.சி.எல்., தென் யூலண்டில் யூ.சி. சூட், நடு யூலண்டில் வியா, வட யூலண்டில் யூ.சி.என். எங்கள் ஆட்கள் கூடுதலாக இருக்கும் ஹேர்னிங், ஹொல்ஸ்ரபுறோ பகுதிகளுக்கு வியாதான் கிட்ட. ஓகூசிலும் சில்க்கபோவிலும் அதன் ஆசிரியர் பயிற்சி நடக்கிறது. முடித்தவருக்குக் கிடைப்பது தொழில்சார் பட்டம். பல்கலைக்கழக இளமாணிப் பட்டத்துக்கு 3 வருடம். இதற்கு 4 வருடம். ஆகவே சும்மா ஒரு சேர்ட்டிபிக்கற் கோர்ஸ் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது வழி கிம்னாசியம் ஆசிரியருக்கானது. இவர் பல்கலைக்கழகம் போக வேண்டும். கொப்பன்கேகன், ஓகூஸ், ஓடென்ச ஆகிய இடங்களில் ஆங்கிலமும் டெனிசும் படிக்கலாம். இளமாணி 3 வருடம், அதன்மேல் கண்டிடாற் எனப்படும் முதுமாணி 2 வருடம், ஆக 5 வருடம். ஒரு பாடம் மட்டும் படித்தால் பொதுவாகப் போதாது. ஆங்கிலத்தோடு வரலாறு, டெனிசோடு மதம் என்று இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்வார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விசயம் ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தில் இருக்கும் 5 வருடமும் பெரும்பாலும் பாடத்தைத்தான் படிக்கிறார்கள். வகுப்பில் நின்று படிப்பிப்பது எப்படி என்பதை அதற்குப் பிறகு, கிம்னாசியம் ஒன்றில் வேலை கிடைத்த பின்னர்தான் பழகுகிறார்கள். அதற்குப் பெயர் பெடகோகிக்கும். ஒரு வருடம் நடக்கும். சம்பளம் உண்டு. அனுபவமுள்ள ஆசிரியர்கள் பின் வாங்கில் இருந்து இவர் படிப்பிப்பதைப் பார்ப்பார்கள். பாடம் முடிந்ததும் இருத்தி வைத்துக் கதைப்பார்கள். கல்வியியல் வகுப்புகளுக்கும் போக வேண்டும். கடைசியில் நடைமுறையிலும் எழுத்திலும் சித்தியடைய வேண்டும்.

போல்க்கஸ்கோல ஆசிரியருக்கு இது தலைகீழ். அவர் பாடத்தையும் படிப்பிக்கும் முறையையும் ஆரம்பத்தில் இருந்தே சேர்த்துப் படிக்கிறார்.

மெசினில் தனிய விடமாட்டார்கள்

பக்டரிக்குப் புதிதாக வந்தவரை முதல் நாளே மெசினில் தனிய விடுவார்களா? பக்கத்தில் பழைய ஆள் ஒருவர் நிற்பார். முதலில் பார், பிறகு என்னோடு செய், பிறகு நீ செய் நான் பார்க்கிறேன் என்று சொல்லிக் கொடுப்பார். ஆசிரியர் பயிற்சியிலும் இதேதான். பிரக்ரீக் என்று சொல்வார்கள். மாணவர்கள் உண்மையான பள்ளிக்கூடத்துக்குப் போய், அங்குள்ள ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில் உண்மையான பிள்ளைகளுக்குப் படிப்பிப்பார்கள். 2023 ஆகஸ்டில் தொடங்கிய புதிய பயிற்சித் திட்டத்தில் இந்தப் பகுதியைக் கூட்டி, 4 வருடத்திலும் வரும்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் வகுப்பில் திடீரென்று இரண்டு மூன்று இளம் பெடியன், பெட்டைகள் வந்து சில கிழமை படிப்பித்துவிட்டுப் போனால் அவர்கள் இவர்கள்தான்.

ஊரில் கோப்பாய், பலாலி, கொழும்புத்துறை என்று ஆசிரியர் கலாசாலைகளின் பெயர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பிற்காலத்தில் வந்த தேசிய கல்வியியற் கல்லூரிகளில் 2 வருடம் உள்ளே இருந்து படித்து, 1 வருடம் பள்ளிக்கூடத்தில் கட்டுறுபயிலுநராக வேலை செய்வார்கள். அந்த முறையை அறிந்தவர்களுக்கு இங்குள்ள முறையும் சட்டென்று விளங்கும். ஊரில் பட்டம் பெற்றவரை நியமனம் கொடுத்து வகுப்புக்கு அனுப்பிவிட்டு, வருடக் கணக்காகிய பிறகு கல்வியியல் டிப்ளோமா படிக்க விடுவதும் நடந்தது. நல்ல ஆங்கிலப் பட்டதாரி ஒருவர் வகுப்பில் என்ன செய்வதென்று தெரியாமல் குறிப்பை வாசித்துவிட்டுப் போனதைப் பலர் கண்டிருப்பீர்கள். மொழி தெரிவது வேறு, மொழியைப் படிப்பிக்கத் தெரிவது வேறு.

என்னதான் படிக்கிறார்கள்?

"டெனிஸ்காரருக்கு டெனிஸ் தெரியும்தானே, அதில் 4 வருடம் படிக்க என்ன இருக்கிறது?" என்று ஒரு நண்பர் கேட்டார். நிறைய இருக்கிறது.

டெனிஸ் பாடத்தை எடுப்பவர் முதலில் பிள்ளை வாசிக்கப் பழகுவது எப்படி என்பதைப் படிக்கிறார். தமிழில் எழுத்தைப் பார்த்தால் ஒலி வந்துவிடும். டெனிசில் எழுதுவது ஒன்று, வாயில் வருவது இன்னொன்று. பாதி எழுத்துக்கள் சத்தமே போடாமல் இருக்கும். இதனால் சில பிள்ளைகளுக்கு வாசிப்பு மிகவும் கஷ்டமாகிறது. இதில் ஓட்பிளின்ட் எனப்படும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க 2015 முதல் நாடு முழுவதற்கும் பொதுவான சோதனை ஒன்று இருக்கிறது. எங்கள் வீடுகளில் இப்படியான பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசி அடக்கிவிடுகிறோம். பயிற்சி பெற்ற ஆசிரியர் அது சோம்பல் அல்ல என்று கண்டு உதவி எடுத்துக் கொடுப்பார். கணினியில் வாசித்துக் காட்டும் வசதி வரை கிடைக்கும்.

அடுத்தது இலக்கியம். 2004இல் பள்ளிக்கூடங்களில் கட்டாயம் தொடவேண்டிய எழுத்தாளர்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். ஹொல்பேர், எச். சி. அனசன், கரென் பிளிக்சன், மார்ட்டின் அனசன் நெக்சோ போன்றோர் அதில் இருக்கிறார்கள். நெக்சோ ஏழைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். சுவீடனிலிருந்து பிழைப்புத் தேடிப் போர்ன்கொல்ம் தீவுக்கு வந்த தகப்பனையும் மகனையும் வைத்து அவர் எழுதிய 'பெல்ல எறொப்ரர்' நாவல் 1906 முதல் 1910 வரை வெளிவந்தது. அகதியாக வந்த எங்கள் பிள்ளைக்கு இந்தக் கதை அந்நியமா? அந்தப் புத்தகத்தைப் பிள்ளையின் வாழ்க்கையோடு எந்த இடத்தில் முடிச்சுப் போடலாம் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் ஆசிரியரின் படிப்பு. எந்த வகுப்புக்கு எந்தப் பகுதி, ஏன் அது, எப்படித் தொடங்குவது, பிள்ளைக்கு விளங்கியதா என்று எப்படி அறிவது – இவற்றைத் திடக்டீக் என்று சொல்கிறார்கள்.

ஆங்கிலத்துக்கும் இப்படித்தான். 2014 சீர்திருத்தத்துக்குப் பிறகு போல்க்கஸ்கோலயில் முதலாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் உண்டு. ஆங்கில ஆசிரியராக வருபவர் உச்சரிப்பு, இலக்கணம், இங்கிலாந்து, அமெரிக்கா மட்டுமல்லாமல் ஆபிரிக்கா, இந்தியா போன்ற இடங்களில் எழுதப்படும் ஆங்கிலம் என்பவற்றைப் படிக்கிறார். இன்னொன்றையும் படிக்கிறார். அதைப் பெற்றாராகிய நாங்கள் அறிவது நல்லது.

பிழை திருத்தாத ரீச்சர்

பெற்றார் கூட்டத்துக்குப் போய் வந்தவர்கள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு இது: "கொப்பியில் சிவப்பு மை இல்லை. பிள்ளை பிழையாக எழுதினாலும் ரீச்சர் சிரித்துக்கொண்டு நல்லது என்கிறார். கூட்டம் கூட்டமாக இருந்து கதைக்கிறார்கள். படிப்பு எங்கே?"

1972இல் லாரி செலிங்கர் என்ற அமெரிக்க மொழியியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். புதிய மொழி பழகுபவரின் தலைக்குள் தாய்மொழியும் இல்லாத, புதிய மொழியும் ஆகாத இடைமொழி ஒன்று உருவாகிறது. அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பது அவர் சொன்ன கருத்து. உதாரணத்துக்கு, ஆங்கிலத்தில் 'ஹீ கோஸ்' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'ஹீ கோ' என்று சொல்லும் பிள்ளை கண்டபடி உளறவில்லை. அது ஒரு படியில் நிற்கிறது. அந்தப் படியைக் கண்டுகொண்ட ஆசிரியர் அடுத்த படிக்கு வேண்டியதைக் கொடுப்பார். பத்துப் பிழையையும் ஒரே நேரத்தில் சிவப்பால் வெட்டினால் பிள்ளை வாயை மூடிவிடும். ஒன்பதாம் வகுப்பு இறுதிச் சோதனையில் டெனிசுக்கும் ஆங்கிலத்துக்கும் வாய்மொழிச் சோதனை உண்டு. வாயை மூடிய பிள்ளை அங்கே என்ன செய்யும்?

இதற்குப் பின்னால் இந்த நாட்டின் பழைய சிந்தனை ஒன்றும் உண்டு. குறுண்ட்விக் (1783–1872) என்ற பாதிரியார் மனப்பாடப் பள்ளிக்கூடத்தைக் கடுமையாக எதிர்த்தார். புத்தகத்தில் செத்துக் கிடக்கும் எழுத்தைவிட வாயிலிருந்து வரும் உயிருள்ள சொல்லே மனிதனை வளர்க்கும் என்றார். அவருடைய எண்ணத்தில்தான் 1844இல் தென் யூலண்டின் றொடிங்கில் முதலாவது மக்கள் உயர்பள்ளி தொடங்கியது. வகுப்பில் கதை நடப்பது ஒழுங்கு கெட்டதால் அல்ல. அது இவர்களின் பாரம்பரியம்.

அதற்காக எழுத்துப் பிழையை யாரும் பார்ப்பதில்லை என்று நினைக்க வேண்டாம். அதே இறுதிச் சோதனையில் டெனிஸ் எழுத்துத் திருத்தத்துக்குத் தனிச் சோதனை இருக்கிறது. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பள்ளிச் சந்திப்பில் நேரே கேளுங்கள். "பிள்ளை எப்படி?" என்று கேட்டால் "நல்லம்" என்றுதான் பதில் வரும். "எழுத்தில் எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது, வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?" என்று கேட்டால் பயிற்சி பெற்ற ஆசிரியர் விவரமாகச் சொல்வார்.

எங்கட பிள்ளை ஏலுமோ?

தாயின் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஏலும். ஏலும் என்பது மட்டுமல்ல, தேவையும்கூட.

தமிழில் வினைச்சொல் கடைசியில் நிற்கும். டெனிசில் "இன்று" என்று வசனத்தைத் தொடங்கினால் உடனே இரண்டாவது இடத்தில் வினை வந்து குந்திவிடும். "இன்று போகிறேன் நான் வேலைக்கு" என்ற ஒழுங்கு அது. டெனிசில் ஒரு வீடு என்றால் 'எற் ஹூஸ்', அந்த வீடு என்றால் 'ஹூசெற்'. சொல்லின் வாலில் ஒட்டுப் போடுகிறார்கள். வீடு, வீட்டை, வீட்டில் என்று வாலில் ஒட்டிப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு இந்த ஒட்டு முறை புதிதல்ல. ஆனால் எந்தச் சொல்லுக்கு 'என்', எதற்கு 'எற்' என்பது புதிது. பிறந்ததிலிருந்தே டெனிஸ் கதைத்தவருக்கு இது தானாக வரும். தானாக வந்தபடியால் மற்றவருக்கு எங்கே கஷ்டம் என்பது அவர் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். முட்டி மோதிப் பழகியவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆசிரியர் பயிற்சியை நடத்துபவர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள். 2013இல் வந்த பயிற்சித் திட்டத்தில் இருமொழிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தல் என்ற பகுதியை ஆசிரியராக வரும் எல்லாருக்கும் கட்டாயமாக்கினார்கள். கணிதம் படிப்பிப்பவருக்கும் அது உண்டு. மொழி விளங்காததால் கணக்குப் பிழைப்பதும், கணக்கே விளங்காமல் பிழைப்பதும் ஒன்றல்ல என்பதை ஆசிரியர் பிரித்தறிய வேண்டும். எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேரின் எதிர்காலம் இந்த ஒரு வித்தியாசத்தில் தங்கியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

டெனிஸ்காரருக்கும் தமிழருக்கும் இடையில் மொழி படிப்பித்த கதை இன்று நேற்றுத் தொடங்கியதும் அல்ல. 1620இல் ஓவ கேட என்பவரின் தலைமையில் வந்த டெனிஸ் கப்பல்கள் இலங்கைக்கு வந்து, திருகோணமலையையும் தொட்டு, தமிழ்நாட்டுக் கரையில் தரங்கம்பாடியில் கோட்டை கட்டின. 1706இல் டென்மார்க் அரசன் நாலாம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்க் என்ற யேர்மன் பாதிரியார் அங்கே வந்து இறங்கினார். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. உள்ளூர் வாத்தியார் ஒருவரின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு நிலத்தில் குந்தி, மணலில் விரலால் எழுதி அ, ஆ பழகினார். பத்து வருடத்துக்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். தமிழ் இலக்கண நூல் ஒன்றை இலத்தீனில் எழுதினார். 1716இல் தரங்கம்பாடியில் உள்ளூர் உபதேசியாரையும் பள்ளி ஆசிரியரையும் பயிற்றும் பள்ளி ஒன்றையும் தொடங்கினார். கொப்பன்கேகனில் புளோகோ என்ற அரச ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை வந்தது 1791இல்தான். எல்லாப் பிள்ளைகளுக்கும் படிப்பு என்ற சட்டம் இங்கே வந்தது 1814இல். டெனிஸ் கொடியின் கீழ் தமிழ் ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது அதற்கெல்லாம் முந்திய கதை. வந்தவர் மதத்தைப் பரப்ப வந்தவர் என்பது உண்மைதான். ஆனால் வேற்று மொழிக்காரன் மணலில் குந்திப் பழகி அந்த மொழிக்கே ஆசிரியரானான் என்றால், எங்கள் பிள்ளை இங்கே ஆகக்கூடாதா?

மதிப்பும் காசும்

மதிப்பான படிப்போ என்ற கேள்விக்கு மற்ற நாடுகளையும் பார்ப்போம். பின்லாந்தில் 1970களின் இறுதியிலிருந்து பள்ளி ஆசிரியருக்குப் பல்கலைக்கழக முதுமாணி வேண்டும். நோர்வேயில் 2017 முதல் பள்ளி ஆசிரியர் பயிற்சி 5 வருட முதுமாணி ஆகிவிட்டது. கனடாவின் ஒன்ராறியோவில் பட்டம் பெற்ற பிறகு படிக்கும் ஆசிரியர் பயிற்சியை 2015இல் இரண்டு மடங்காக்கி 2 வருடமாக்கினார்கள். இங்கிலாந்தில் பட்டத்தின் பின் பொதுவாக 1 வருடம். எல்லா இடத்திலும் ஆசிரியராவது கடினமாகிக்கொண்டுதான் போகிறது. ரொறன்ரோவில் அண்ணையின் மகள் ரீச்சர் என்றால் பெருமையாகச் சொல்கிறோம். எங்கள் வீட்டில் மட்டும் ஏன் கசக்க வேண்டும்?

காசு விசயத்தை மறைக்கவில்லை. டொக்டரின் சம்பளம் ஆசிரியருக்கு வராது. வேலையும் லேசானதல்ல, வகுப்பில் சத்தம், பெற்றாரின் முறைப்பாடு, ஔலாவில் வந்து குவியும் செய்திகள் என்று களைத்து விட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வேலை கிடைக்குமோ என்ற பயம் குறைவு. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதாமல், பயிற்சி இல்லாதவர்களும் வகுப்பு எடுக்கும் நிலை இருக்கிறது. படிக்கும் உரிமை உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டை விட்டு வெளியே இருந்து படிப்பவருக்கு வரி கழிக்கமுன் மாதம் 7,000 குரோனர் அளவில் எஸ்.யூ. படிப்புதவி கிடைக்கிறது. விசாவின் வகையைப் பொறுத்து இதில் வித்தியாசம் வரும். ஆகவே புதிதாக வந்த குடும்பங்கள் முதலில் கேட்டு, பதிலை எழுத்தில் எடுத்து வையுங்கள்.

தமிழுக்கு என்ன லாபம்?

முன்பு கொம்யூன்கள் எங்கள் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டும் என்ற சட்டம் இருந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வந்த பிள்ளைகளைப் பொறுத்தவரை 2002இல் அந்தக் கடமையை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு பெரும்பாலான இடங்களில் தமிழ் வகுப்பு எங்கள் கைக்கு வந்தது. கிழமை முழுக்க வேலை செய்துவிட்டு, ஓய்வு நாளில் வந்து சம்பளம் இல்லாமல் தமிழ் சொல்லிக் கொடுக்கும் அக்காமார், அண்ணைமாரை வணங்க வேண்டும். ஆனால் அவர்களுக்குத் துணைக்குப் பயிற்சி பெற்ற கை ஒன்று வேண்டும். டெனிஸ் நினைப்பில் வளரும் பிள்ளைக்கு ல, ள, ழ வித்தியாசத்தை எப்படிக் காதில் ஏற்றுவது, எந்த வயதில் எந்தப் பாடம் என்று இங்கே மொழி ஆசிரியராகப் பயின்ற பிள்ளைக்குத் தெரியும். அவள் சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் வந்தாலே எங்கள் வகுப்பின் முகம் மாறும்.

பிறமொழி படித்தால் தமிழ் போய்விடும் என்பவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்கிறேன். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசன் 1823 முதல் 1855 வரை நடத்திய செமினறியில் ஆங்கிலத்தில் படித்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். ஆசிரியராகவும் இருந்தவர். செல்லரித்துக் கொண்டிருந்த ஏடுகளைத் தேடி எடுத்து 1887இல் கலித்தொகையை அச்சில் ஏற்றியவர் அவரே. ஆங்கிலம் அவரைத் தமிழிடமிருந்து பிரிக்கவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை

முதலாவது: இரண்டு வழிக்கும் முன்னால் கிம்னாசியப் படிப்பு வேண்டும். 3 வருட கிம்னாசியமோ 2 வருட எச்.எப். என்பதோ முடித்திருக்க வேண்டும். ஆகவே ஒன்பதாம் வகுப்பில் எதையும் முடிந்த முடிவாக எடுக்கத் தேவையில்லை. தகப்பனுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது, மகளுக்கும் இருக்கிறது.

இரண்டாவது: பள்ளிக்கூடத்தில் வைலேடர் என்ற படிப்பு வழிகாட்டி இருக்கிறார். தகப்பனும் சேர்ந்து போங்கள். மொழி விளங்காது என்று வீட்டில் நிற்க வேண்டாம். பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள்; தன்னுடைய வழக்கில் தானே மொழிபெயர்ப்பாளராக இருப்பது பிள்ளைக்குச் சங்கடம். முன்கூட்டியே சொல்லித் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

மூன்றாவது: உயர்கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் வருட முற்பகுதியில் திறந்த நாள் வைப்பார்கள். யாரும் போகலாம், காசு இல்லை. விண்ணப்பிக்கும் காலம் வந்தால், நேர்முகமும் மற்றத் தகுதிகளும் பார்க்கும் இரண்டாம் பிரிவுக்கு மார்ச் 15 மதியம் 12 மணியும், புள்ளிகளை வைத்து எடுக்கும் முதலாம் பிரிவுக்கு யூலை 5 மதியம் 12 மணியும் கடைசி. 12 மணி என்றால் 12 மணிதான்.

நாலாவது: ஊரில் ஆசிரியராக இருந்துவிட்டு இங்கே துப்புரவு வேலை செய்பவர்களும் எங்களில் உண்டு. ஏற்கனவே பட்டம் உள்ளவர்களுக்கு மெரிட் லேரர் என்ற குறுக்கு வழி இருக்கிறது. ஊர்ச் சான்றிதழை மதிப்பிடக் கொடுத்து, டெனிஸ் எவ்வளவு வேண்டும், செலவு எவ்வளவு என்று உயர்கல்லூரியில் விசாரியுங்கள்.

ஐந்தாவது: வீட்டில் தமிழில் கதையுங்கள். அரைகுறை டெனிசில் பிள்ளையோடு கதைப்பதைவிட நிறைவான தமிழில் கதைப்பதே மேல். ஒரு மொழியில் ஆழமாக யோசிக்கப் பழகிய பிள்ளை அந்த யோசனையை அடுத்த மொழிக்கும் எடுத்துப் போகும்.

கடிதம் எழுதிய அம்மாவின் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை: அண்ணை, ஊரில் வாத்தியாரைக் கண்டால் சைக்கிளால் இறங்கித் தள்ளிக்கொண்டு போன தலைமுறை நாங்கள். அந்த மரியாதையை எயார்போட்டில் விட்டுவிட்டு வரவில்லை. பிள்ளையோடு கதையுங்கள். சம்மதிப்பதா இல்லையா என்பது பிறகு; முதலில் கதையுங்கள்.

அடுத்த இதழில் தொழிற்சங்கம், ஏ-கசே இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்போம். கேள்விகள் இருந்தால் ஆசிரியர் குழுவுக்கு எழுதுங்கள்.